ஒரு நூலக வாசிப்புக் குழுவும் ஒரு ஹெலிகாப்டர் விமானியின் நினைவுக்குறிப்பும்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு சிறுநகரப் பொது நூலகம். பக்கத்து ஊரில் ஒரு வெட் சென்டர். முன்னாள் படைவீரர்களுக்கான இந்த ஆலோசனை மையங்கள் 1979இல் தொடங்கப்பட்டவை. படைவீரர் மருத்துவமனைகளிலிருந்து தனியாக இயங்குபவை. உரியவர் எழுதித் தராமல் பொதுவாக இவற்றின் பதிவேடு வெளியே போகாது. மருத்துவமனைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத பலர் இங்கே மட்டும் வருவதற்கு அதுவே காரணம்.

இரண்டு இடமும் சேர்ந்து ஒரு வாசிப்புக் குழுவைத் திட்டமிட்டன. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மாலையில் ஒன்றரை மணி நேரம், மொத்தம் ஐந்து அமர்வு. நடத்துநர்கள் இருவர்: ஒரு நூலகர், வெட் சென்டரின் ஆலோசகர் ஒருவர். சேர்ந்தவர்கள் 11 பேர். வியட்நாமில் இருந்தவர்கள் மூவர்: வீரர்களை ஏற்றி இறக்கிய ஹியூயி வகை ஹெலிகாப்டரில் க்ரூ சீஃபாக (அதைப் பராமரித்து அதிலேயே பறப்பவராக) இருந்தவர், 1969–70இல் அதே வகையை ஓட்டிய வாரண்ட் அதிகாரி, ஹியூயியில் ஏறி இறங்கிய காலாட்படை வீரர். ஆப்கானிஸ்தானில் காயமுற்றோரை ஏற்றிய ஹெலிகாப்டரில் மருத்துவ உதவியாளராக இருந்த பெண் ஒருவர், ஈராக் சென்ற லாரி ஓட்டுநர் ஒருவர். க்ரூ சீஃபின் மனைவி. மற்ற ஐவரும் போருக்குப் போகாத ஊர்க்காரர்கள். அவர்களில் ஒருவர் ராணுவத்தில் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த 19 வயது இளைஞர்.

நூலும் அதைத் தேர்ந்த காரணமும்

தேர்ந்தெடுத்தது ராபர்ட் மேசன் 1983இல் வெளியிட்ட ‘சிக்கன்ஹாக்’. 1965 ஆகஸ்டிலிருந்து ஓராண்டு வியட்நாமில் ஹியூயி ஓட்டியவர் அவர். ஐந்து அமர்வுக்கு வசதியாக நூல் தானே பிரிந்து நிற்கிறது: பறக்கக் கற்பது, கடல் கடந்து போய் முகாம் அமைப்பது, 1965 நவம்பரில் இயா திராங் பள்ளத்தாக்குச் சண்டை, அதன்பின் மாதக்கணக்கில் நீளும் அன்றாடப் பறப்பு, ஊர் திரும்பியபின் நடந்தவை.

இன்னொரு காரணம், நூலில் இருக்கும் தொழில்நுணுக்கம். ஏற்றி இறக்கும் கலெக்டிவ் நெம்புகோல், முன்பின்னும் பக்கவாட்டிலும் செலுத்தும் சைக்ளிக் கம்பு, மூக்கைத் திருப்பும் கால்மிதி மூன்றையும் ஒரே நேரத்தில் கையாண்டு தரைக்கு மேல் அசையாமல் நிற்பது எவ்வளவு கடினம் என்பதைப் பொறுமையாகச் சொல்கிறது. போர் தெரியாதவரும் இதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரலாம் என்று கணக்கிட்டார்கள். கணக்கு சரிதான். ஆனால் அதே நுணுக்கம் முன்னாள் வீரர்களை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

முன்னேற்பாடாகச் செய்தவை மூன்று. ஒவ்வொருவரையும் தனியே கால் மணி நேரம் சந்தித்தார்கள். எந்தப் பக்கங்களில் சாவும் காயமும் வருகின்றன என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். நெருக்கடி அழைப்பு எண்ணை, அதாவது 988ஐ அழைத்து 1ஐ அழுத்த வேண்டும் என்பதை, நூலின் உள்ளட்டையில் ஒட்டினார்கள். பொதுவான எச்சரிக்கை வாசகம் மட்டும் வேதனையைக் குறைப்பதில்லை, படிக்கும் முன்பே பதற்றத்தைக் கூட்டுகிறது என்பதே இதுவரை வந்த ஆய்வுகளின் போக்கு. அதனால்தான் பக்க எண்ணோடு கொடுத்தார்கள்.

முதல் இரண்டு அமர்வுகள்: கண்டவை

முதல் அமர்வு சிரிப்பும் சத்தமுமாகப் போனது. பயிற்சிக் கால அத்தியாயங்கள் யாரையும் புண்படுத்தவில்லை. முன்னாள் விமானி இரண்டு பென்சிலை வைத்துக்கொண்டு கட்டுப்பாடுகளை விளக்கினார்.

இரண்டாம் அமர்வில் மூன்று விஷயங்கள் தென்பட்டன. காலாட்படை வீரர் வாயே திறக்கவில்லை, முடிவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார். ஆப்கானிஸ்தான் சென்ற பெண் புத்தகம் முழுவதையும் இரண்டே இரவில் படித்து முடித்துவிட்டதாகச் சொன்னார். கண்கள் சிவந்திருந்தன. க்ரூ சீஃப் ஓரங்களில் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தார். குறிப்புகள் எல்லாம் ஒரே கேள்வி: இந்தப் பறப்பில் பின்னால் இருந்தவர்கள் யார்?

அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஹியூயியில் நான்கு பேர்: முன்னால் இரண்டு விமானிகள், பின்னால் இருபக்கக் கதவிலும் எம்-60 இயந்திரத் துப்பாக்கியோடு க்ரூ சீஃபும் துப்பாக்கி வீரரும். அந்தப் போரில் ஏறத்தாழ 12,000 அமெரிக்க ஹெலிகாப்டர்கள் பறந்தன. 5,000க்கு மேல் அழிந்தன. ஏறத்தாழ 2,200 விமானிகள் இறந்தார்கள். மற்றக் குழுவினரில் இறந்தவர்கள் அதைவிட அதிகம், 2,700 பேர். நினைவுக்குறிப்பு எழுதியவர்களில் பெரும்பாலோர் விமானிகள். விமானி இன்று ஒன்றில் ஏறுவார், நாளை வேறொன்றில் ஏறுவார். க்ரூ சீஃபுக்கு ஆண்டு முழுவதும் ஒரே ஹெலிகாப்டர். பகலில் அதில் பறந்து, இரவில் விளக்கு வெளிச்சத்தில் சுழலித் தலைக்கு (மேல் இறக்கைகள் சுழலும் மையத்துக்கு) கிரீஸ் அடித்து, எண்ணெய் அளவு பார்த்து, துளை விழுந்த தகட்டுக்கு ஒட்டுப் போட்டு, காலையில் மறுபடி அதிலேயே ஏறுபவர் அவர்.

எழுந்து போன காலாட்படை வீரரை மறுநாள் நூலகர் அழைத்துக் கேட்டார். மனம் பாதித்துவிட்டது என்றே இருவரும் நினைத்திருந்தார்கள். உண்மையில் அவருக்குக் காது கேட்கவில்லை. குளிரூட்டியின் இரைச்சலில் காதுக்கருவி எல்லாப் பேச்சையும் குழப்பிவிட்டது. முன்னாள் படைவீரர்கள் இழப்பீடு பெறும் காரணங்களில் காதிரைச்சலும் செவிக்குறையும் முன்வரிசையில் இருப்பவை. இது முதல் நாளே நினைவுக்கு வந்திருக்க வேண்டிய செய்தி. மேசைகளை எடுத்துவிட்டு நாற்காலிகளை நெருக்கமான வட்டமாகப் போட்டார்கள். பேச்சு நேரத்தில் குளிரூட்டியின் விசிறியை நிறுத்தினார்கள். பெரிய எழுத்துப் பிரதி ஒன்றும் வரவழைத்தார்கள். அவர் நான்காம் அமர்வுக்குத் திரும்பி வந்தார்.

மூன்றாம் அமர்வு: நிகழ்வு

இயா திராங் பகுதிதான் ஆபத்தானது என்று இரண்டு நடத்துநரும் கருதியிருந்தார்கள். குண்டுமழைக்குள் இறங்கும் பக்கங்களைப் பற்றிய பேச்சு நிதானமாகவே நடந்தது. அதுவரை எந்தச் சிக்கலும் இல்லை.

ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து, ஊர்க்காரர்களில் ஒருவர் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் கேட்டார்: பகலில் இறந்தவர்களை ஏற்றி வந்த ஹெலிகாப்டர் மறுநாள் காலை ஆட்களை ஏற்ற எப்படித் தயாராகும்?

க்ரூ சீஃப் பதில் சொல்லத் தொடங்கினார். சரக்குத் தளத்தில் கொக்கி மாட்டும் குழிகள் இருக்கும், தண்ணீர் ஊற்றினால் அங்கேதான் தேங்கும், துணியால் அந்தக் குழி ஒவ்வொன்றையும் துடைத்தெடுக்க வேண்டும், தளப் பலகையின் ஓரத்து இடுக்கில் இறங்கியது இரண்டு நாள் கழித்து வெயிலில் வாடையடிக்கும், அப்போது திருகாணிகளைக் கழற்றிப் பலகையைத் தூக்க வேண்டும். இருபது நிமிடம் பேசினார். ஏற்ற இறக்கமே இல்லாத குரல். கண் தரையில் ஓரிடத்தில் நின்றது. வலது கையின் ஆள்காட்டி விரல் முழங்காலில் சிறு வட்டங்களாகத் துடைத்துக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்தவர் அவர் மனைவி ஒருவர்தான். மற்றவர்கள் அசையாமல் கேட்டார்கள். முடிந்ததும் நன்றி சொன்னார்கள்.

அமர்வு அருமையாக அமைந்தது என்றே நடத்துநர்கள் அன்றைய குறிப்பில் எழுதினார்கள். அழுகை இல்லை, கோபம் இல்லை, தடையில்லாத பேச்சு. ஆனால் உணர்ச்சி வற்றிய குரலில், கேட்பவர் முகம் பாராமல், நிறுத்தாமல் நுணுக்கம் நுணுக்கமாகச் சொல்வது மனம் திறந்ததன் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. பேசுபவர் அந்த அறையிலேயே இல்லை என்பதன் அடையாளமாகவும் அது இருக்கலாம். அழுகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். இப்படிப் பேசுகிறவரைப் பாராட்டிவிடுவார்கள்.

அன்றிரவு அவர் படுக்கவில்லை. விடியும்வரை கார் கொட்டகையில் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். காலை ஏழு மணிக்கு மனைவி வெட் சென்டரை அழைத்தார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பேச வேண்டியது ஆலோசகர்தான், நூலகர் அல்ல என்பது முதல் முடிவு. அன்று காலையே ஆலோசகர் க்ரூ சீஃபின் வீட்டுக்குப் போனார். தற்கொலை எண்ணம் உண்டா என்று சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டார். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. “செத்துப்போகணும்னு இல்லை, காலையில எழுந்திருக்காம இருந்தா நல்லாயிருக்கும்” என்பதுபோல் பதில் வந்தது. அடுத்த கேள்வி துப்பாக்கி பற்றியது. அமெரிக்க முன்னாள் படைவீரர் தற்கொலைகளில் பத்தில் ஏழு துப்பாக்கியால் நடப்பவை. படுக்கைக்கு அருகே இழுப்பறையில் ஒரு ரிவால்வர் இருந்தது. பறிமுதல் என்ற பேச்சே எடுக்கவில்லை. கேபிள் பூட்டு ஒன்றைக் கொடுத்தார். படைவீரர் துறை இதை இலவசமாகவே தருகிறது. சாவியை மைத்துனர் வைத்துக்கொள்வதாக மூவரும் பேசி முடித்தார்கள். சில வாரங்களுக்கு என்று காலவரையறை வைத்ததால்தான் அவர் ஒத்துக்கொண்டார்.

இரண்டாவது, குழுவை நிறுத்துவதா என்பது. நூலகத் தரப்பில் நிறுத்திவிடலாம் என்ற எண்ணம் இருந்தது. ஆலோசகர் மறுத்தார். இப்போது நிறுத்தினால், தன் பேச்சுதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று க்ரூ சீஃப் எடுத்துக்கொள்வார். வருவதா வேண்டாமா என்பதை அவரிடமே விட்டார்கள். அவர் வருவதாகச் சொன்னார். இனி ஏதாவது ஆனால் மடியில் உள்ள புத்தகத்தின் மேல் பென்சிலைக் குறுக்காக வைப்பார், உடனே இடைவேளை விடப்படும் என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

மூன்றாவது, நடைமுறையில் மாற்றங்கள். ஒருவர் தொடர்ந்து பேசினால் ஐந்து நிமிடத்தில் நடத்துநர் அவர் பெயரைச் சொல்லி அழைத்து, நூலின் பக்கத்துக்குத் திருப்ப வேண்டும். போருக்குப் போகாதவர்களின் கேள்வி நூலில் உள்ளதைப் பற்றி இருக்க வேண்டும், அறையில் இருப்பவரைப் பற்றி அல்ல. “நீங்கள் என்ன செய்தீர்கள்” என்று கேட்பதற்குப் பதில், “இந்தப் பக்கத்தில் இவர் இப்படிச் செய்கிறாரே, ஏன்?” என்று கேட்கலாம். விரும்பியவர் தன் கதையைச் சேர்த்துக்கொள்வார், விரும்பாதவருக்கு ஒதுங்க இடம் கிடைக்கும். ஒவ்வோர் அமர்வும் முடிந்த மறுநாள் காலை எல்லாருக்கும், நன்றாக இருப்பதாகத் தோன்றியவர்களுக்கும் சேர்த்து, ஒரு அழைப்பு.

முழுப் புத்தகத்தையும் இரவில் தனியே படித்து முடித்த பெண்ணின் விஷயம் அப்போதுதான் உறைத்தது. அமர்வுகளைப் பங்கிட்டால் படிப்பும் பங்கிடப்படும் என்பது வெறும் நம்பிக்கை. புத்தகம் வீட்டுக்குப் போகிறது, நள்ளிரவில் திறக்கப்படுகிறது. அவரிடம் தனியே பேசினார்கள். மறுபடி படிப்பதானால் பகலில், வெளிச்சத்தில், அரை மணிக்கு மேல் வேண்டாம், படித்தபின் உடல் அசையும் வேலை ஏதாவது செய்யுங்கள் என்றார்கள். அதன்பின் ஒவ்வோர் அமர்வின் தொடக்கத்திலும் ‘எதுவரை படித்தீர்கள், எப்போது படித்தீர்கள்’ என்பது முதல் கேள்வியானது.

நான்காம் அமர்வு

இது ஒரு தொழில்நுட்பச் சண்டையில் தொடங்கியது. அளவுக்கு மீறி ஏற்றிய ஹியூயியைக் காட்டுவெளியிலிருந்து கிளப்பும் பக்கங்களைப் படித்த முன்னாள் விமானி, மிகைப்படுத்தல் என்றார். தான் ஓட்டியபோது இவ்வளவு பாடு பட்டதில்லை என்பது அவர் வாதம். க்ரூ சீஃப் ஒப்புக்கொள்ளவில்லை.

இருவரும் சொன்னது உண்மை. நூல் பேசும் 1965–66இல் இருந்தது டி வகை: எஞ்சின் 1,100 குதிரைத்திறன். விமானி 1969இல் ஓட்டியது எச் வகை: 1,400 குதிரைத்திறன். ஏட்டில் 11 வீரர்கள் ஏறலாம் என்றிருக்கும். மத்திய மேட்டுநிலத்தின் வெயிலிலும் உயரத்திலும் காற்று மெலிந்துவிடுவதால் அதில் பாதியைச் சற்றுத் தாண்டினாலே திணறும். கலெக்டிவை மேலும் இழுத்தால் தூக்குவதற்குப் பதில் சுழலியின் வேகம் இறங்கும். வால் சுழலியும் அதே பற்சக்கரத் தொடரில் ஓடுவதால் அதுவும் தளரும், மூக்கு வலப்பக்கம் திரும்பத் தொடங்கும். அனுபவசாலி அந்த நொடியில் மனத்துக்கு எதிராக நெம்புகோலைச் சற்றே இறக்கி, வேகத்தை மீட்டு, சக்கரத்துக்குப் பதில் அடியில் இருக்கும் சறுக்குக் கட்டை தரையைத் தொட்டும் தொடாமலும் முன்னோக்கி ஓட்டி, காற்றோட்டம் கைகொடுத்ததும் மேலெழும்புவார்.

ஆலோசகர் இந்த விவாதத்தை வெட்டாமல் விட்டது நல்ல தீர்ப்பு. வெளியாருக்கு அது வெற்று நுணுக்கம். பேசியவர்களுக்கு அதன் அடியில் இருந்தது எத்தனை பேரை ஏற்றினோம், எத்தனை பேரை விட்டுவிட்டுப் போனோம் என்ற கணக்கு. எச் வகையிலும் ஒருநாள் இருவரைக் கீழே இறங்கச் சொன்னதாக விமானி சொன்னார். காலாட்படை வீரர் அதுவரை பேசாதவர். “யார் நிக்கிறதுன்னு நாங்களே முன்னாடியே பேசி வச்சிருப்போம், உங்களை யாரும் கேட்டிருக்க மாட்டாங்க” என்றார். அதற்கு மேல் யாரும் விரிக்கவில்லை, நடத்துநரும் விரிக்கச் சொல்லவில்லை.

நூலில் ஒரு தேதியோ பாகத்தின் பெயரோ தவறினால் முன்னாள் வீரர்கள் முழுப் புத்தகத்தையும் சந்தேகிக்கிறார்கள் என்பதும் இங்கே தெரிந்தது. பல ஆண்டு கழித்து எழுதப்பட்ட உரையாடல் சொல்லுக்குச் சொல் அப்படியே இருக்க முடியாது என்பதை முதல் அமர்விலேயே பேசியிருந்தால் இதில் பாதி உரசல் குறைந்திருக்கும்.

ஐந்தாம் அமர்வு

கடைசிப் பகுதியில் நூலாசிரியர் ஊர் திரும்பிப் பயிற்சி ஆசிரியராகிறார். உறக்கமின்மை, மயக்கம், குடி. பறக்கும் தகுதி போகிறது. முடிவில் கஞ்சா கடத்தல் வழக்கில் கைதாகிறார். ஊர்க்காரர்களில் இருவருக்கு இது எரிச்சல். இவ்வளவு தூரம் கூட வந்தபின் ஏமாற்றிவிட்டார் என்றார்கள். ஆப்கானிஸ்தான் சென்ற பெண்ணுக்கும் லாரி ஓட்டுநருக்கும் நூலிலேயே மிக நம்பத்தக்க பகுதி இதுதான்.

வேறெந்த அத்தியாயத்தையும்விட இந்த அத்தியாயம் க்ரூ சீஃபின் மனைவியைத் தொட்டது. சண்டைப் பக்கங்களை அவர் தாண்டித் தாண்டிப் படித்திருந்தார். இதை மட்டும் இரண்டு முறை. கணவர் ஐம்பது ஆண்டாக நாற்காலியில் தூங்குவது தன்மேல் உள்ள வெறுப்பால் என்று நினைத்திருந்ததாகச் சொன்னார். 1952இன் அமெரிக்க மனநோய்க் கையேட்டில் இத்தகைய நிலைக்கு ஒரு பெயர் இருந்தது. 1968 பதிப்பில், போர் உச்சத்தில் இருந்தபோது, அது நீக்கப்பட்டது. பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு) என்ற பெயர் 1980இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் திரும்பி வந்தவர்களின் வீடுகளில் இதற்கு வைக்கப்பட்ட பெயர்கள் குடிகாரன், சோம்பேறி, அன்பற்றவன் என்பவைதான்.

பின்னர் நடந்தவை

க்ரூ சீஃப் வெட் சென்டரில் தனி ஆலோசனைக்குச் சேர்ந்தார். வழக்கமாக 12 அமர்வு கொண்ட சிந்தனைச் சீரமைப்பு முறை. ஏழாவதோடு நிறுத்திவிட்டார், சில மாதம் கழித்துத் திரும்பி வந்தார். கெட்ட கனவுகள் நிற்கவில்லை. ஆனால் வாரத்தில் பாதி நாள் படுக்கையில் தூங்குகிறார். ரிவால்வர் இன்னும் மைத்துனரின் சாவியில்தான் இருக்கிறது, அவரே அப்படி விட்டுவிட்டார். முன்னாள் விமானி எந்த உதவியும் வேண்டாம் என்றார், ஆனால் காலாட்படை வீரரைக் காதுக்கருவி மையத்துக்குத் தன் காரில் அழைத்துப் போகிறார்.

19 வயது இளைஞர் விண்ணப்பம் போட்டார், ஹெலிகாப்டர் விமானியாக. போருக்கு எதிரான நூல் என்று சொல்லி இதை அவருக்குப் பரிந்துரைத்த ஊர்க்காரர் திகைத்துப் போனார். திகைக்க ஒன்றுமில்லை. பறப்பதன் இன்பத்தை அவ்வளவு துல்லியமாகச் சொல்லும் நூலில் ஓர் இளைஞர் அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்வார். நடத்துநர்கள் அவரைத் தடுக்கவும் இல்லை, ஊக்கவும் இல்லை. பணி ஒப்பந்தத்தின் ஆண்டுகளை வாய்மொழியாக நம்பாமல் தாளில் படித்துப் பார்க்கும்படி மட்டும் விமானி அவரிடம் சொன்னார்.

அடுத்த முறை மாற்றப்படுபவை

பக்கப் பட்டியலில் சாவும் காயமும் மட்டும் போதாது. மணம், ஒலி, கைவேலை ஆகியவை வரும் இடங்களும் சேர வேண்டும்: எரிபொருள் வாடை, எஞ்சின் கிளம்பும் சீறல், கழுவுதல், சுமத்தல், எண்ணுதல். தனிச் சந்திப்பில் ‘என்ன பார்த்தீர்கள்’ என்பதற்கு முன் ‘உங்கள் அன்றாட வேலை என்ன’ என்று கேட்க வேண்டும். க்ரூ சீஃபிடம் இதைக் கேட்டிருந்தால், எந்தப் பேச்சு அவரைத் தாக்கும் என்பது முன்பே தெரிந்திருக்கும். காது, கண், நாற்காலி, வெளிவாசல் பக்கம் இருக்கை ஆகியவையும் அதே தாளில் இடம்பெற வேண்டும்.

ஊர் திரும்பும் அத்தியாயம் கடைசிக்குப் போகாமல் நான்காம் அமர்வுக்கு வர வேண்டும். நூலின் வரிசையைக் குலைப்பது வாசகருக்குச் சங்கடம்தான். இருந்தாலும் கைதில் முடிந்து, அடுத்த கூட்டமும் இல்லை என்ற நிலையில் ஆட்களை வீட்டுக்கு அனுப்புவதைவிட அது மேல். விமானியின் நூலோடு கதவருகே இருந்தவர் ஒருவரின் பதிவும், செவிலியர் ஒருவரின் பதிவும், மொழிபெயர்ப்பில் ஒரு வியட்நாமியர் எழுதியதும் சில பக்கங்களாவது வைக்கப்படும். குடும்பத்தினருக்கு முதல் அரை மணி தனி அறை. கேபிள் பூட்டுகள் முதல் நாளே கதவருகே மேசையில், யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும்படி.